கோழி ஷெட்ல இருந்து எவ்ளோ அமோனியா வெளிய போகுது? காத்தோட்டத்தை அளந்து கணக்கு போடுற முழு வழிகாட்டி

நாமக்கல், பல்லடம் பக்கம் ஈசி ஷெட் (ஃபேன், கூலிங் பேட் வச்சு உள்ள சூட்டையும் காத்தையும் கட்டுப்படுத்துற மூடின கோழி ஷெட்) வர ஆரம்பிச்சதுல இருந்து அமோனியா பத்தி பேச்சு அதிகமாயிடுச்சு. பண்ணைக்காரங்க, வெட்னரி காலேஜ் பசங்க, சுத்துச்சூழல் படிக்கிறவங்க எல்லாரும் ஒரு சின்ன மீட்டரை எடுத்துட்டு உள்ள போய் 8 பிபிஎம், 20 பிபிஎம்னு (காத்துல பத்து லட்சத்துல எத்தனை பங்கு அமோனியான்னு) குறிச்சுட்டு வந்துடறாங்க. உள்ள இருக்கிற கோழிக்கும் வேலை பாக்குற ஆளுக்கும் அந்த நம்பர் ரொம்ப முக்கியம், அதுல சந்தேகமே இல்ல (அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் ஒரு வேலை நாளோட சராசரிக்கு சொல்ற வரம்பு 25 பிபிஎம்). ஆனா ஷெட்ல இருந்து ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அமோனியா ஊருக்குள்ள போகுதுன்னு கேட்டா அந்த நம்பர் மட்டும் வச்சு பதிலே சொல்ல முடியாது. குழாயில வர்ற தண்ணி எவ்ளோ உப்புன்னு தெரிஞ்சா போதுமா, எவ்ளோ தண்ணி ஓடுச்சுன்னு தெரியணும்ல, அதே கதைதான்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், நம்பர்லாம் உதாரணத்துக்குத்தான். 8 ஃபேனும் ஓடுற வெயில் நேரம், மணிக்கு 2,84,800 கன மீட்டர் காத்து வெளிய போகுது, வெளிய போற காத்துல இருக்கிற அமோனியாவுக்கும் உள்ள வர்ற காத்துல இருக்கிறதுக்கும் வித்தியாசம் 3.7 பிபிஎம். கணக்கு போட்டா மணிக்கு சுமார் 720 கிராம். அதே ஷெட்டு ராத்திரி குளிர்ல, 2 ஃபேன் மட்டும் டைமர்ல 5 நிமிஷத்துக்கு 1 நிமிஷம் ஓடுது (மணிக்கு 14,240 கன மீட்டர்), வித்தியாசம் 24.5 பிபிஎம், மூக்கு எரியும், கண்ணுல தண்ணி வரும். ஆனா வெளிய போறது மணிக்கு சுமார் 240 கிராம்தான். நாத்தம் அதிகமா இருக்கிற நேரத்துல வெளியேத்தம் மூணுல ஒரு பங்கு. இத மனசுல வாங்கிட்டா மீதி வழிகாட்டி முழுக்க ஏன் காத்தையே சுத்தி சுத்தி வருதுன்னு புரியும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்கலாம். வெளிய போற அமோனியா காத்துல இருக்கிற சல்ஃபூரிக், நைட்ரிக் அமிலங்களோட சேந்து நுண்துகளா மாறுது, பிஎம் 2.5ங்கிற ரொம்ப நுண்ணிய தூசில ஒரு பங்கு அப்படி வர்றதுதான். இந்தியாவோட 2009 காற்றுத் தர நிர்ணயத்துல அமோனியாவுக்கே தனியா வரம்பு இருக்கு, 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டர்ல 400 மைக்ரோகிராம், வருஷ சராசரி 100. பண்ணை பக்கத்துல வீடு இருக்கிறவங்க புகார் குடுத்தாலும் சரி, பண்ணைக்காரர் "நான் கூளத்தை (தரையில பரப்புற உமி, மரத்தூள்) மாத்துனேன், தீவனத்துல புரதத்தை குறைச்சேன், இப்போ குறைஞ்சிருக்கு"ன்னு நிரூபிக்கணும்னாலும் சரி, ரெண்டு பக்கத்துக்கும் ஒழுங்கா அளந்த நம்பர் வேணும். அளக்காம பேசுனா சத்தம் பெருசா போடுறவர் சொல்றதுதான் உண்மைன்னு ஆயிடும், அதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அடிப்படை சமன்பாடு

வெளியேத்தம் = காத்தோட்டம் × (வெளிய போற காத்துல செறிவு − உள்ள வர்ற காத்துல செறிவு)

இவ்ளோதான். காத்தோட்டத்தை மணிக்கு எத்தனை கன மீட்டர்னு எடுங்க, செறிவை ஒரு கன மீட்டர்ல எத்தனை மில்லிகிராம்னு எடுங்க. மீட்டர் பிபிஎம்ல காட்டுறதால மாத்தணும். அமோனியாவோட மூலக்கூறு எடை 17.03, அத அந்த வெப்பநிலையோட மோலார் கொள்ளளவால (ஒரு மோல் வாயு பிடிக்கிற இடம்) வகுத்தா 1 பிபிஎம் எத்தனை மில்லிகிராம்னு வந்துடும். 25 டிகிரில 24.45 லிட்டர், அதனால 1 பிபிஎம் = 0.70 மில்லிகிராம். 30 டிகிரில 0.685. 0 டிகிரில 0.76. நிறைய பேரு ஏதோ புத்தகத்துல பாத்த 0.76ஐ எடுத்து நம்ம ஊரு வெயில்ல போட்டுடறாங்க, அதுலயே 10 சதவீதம் கூடிடும்.

உள்ள வர்ற காத்தையும் கட்டாயம் அளக்கணும். பக்கத்துலயே இன்னொரு ஷெட் இருந்து அதோட ஃபேன் இந்த ஷெட்டோட கூலிங் பேட் (தண்ணியில நனைஞ்சு உள்ள வர்ற காத்தை குளிர வைக்கிற அட்டை) பக்கம் ஊதுச்சுன்னா, பக்கத்து ஷெட் அமோனியாவும் உங்க கணக்குல ஏறிடும்.

முதல்ல ஷெட்டை பாருங்க

ஃபேன் வச்சு காத்தை இழுக்கிற மூடின ஷெட்டா, இல்ல பக்கவாட்டுல வலை மட்டும் இருக்கிற திறந்த ஷெட்டா? எந்த முறைங்கிறது இதுலயே முடிவாயிடும். மூடின ஷெட்ல காத்து எந்த ஓட்டை வழியா உள்ள வந்தாலும் வெளிய போறது ஃபேன் வழியாத்தான், அதனால ஃபேனை அளந்தா போதும். திறந்த ஷெட்ல காத்து எந்தப் பக்கமும் வரும் போகும், அங்க ஃபேனும் இல்ல அளக்க வாயும் இல்ல, வேற வழி தேடணும். நாமக்கல் லேயர் (முட்டைக் கோழி) பண்ணைகள்ல பெரும்பாலும் உயரமா தூக்கிக் கட்டின கூண்டு ஷெட்டுதான், கீழ எச்சம் மாசக்கணக்குல குவியும், அதுக்கு தனியா பின்னாடி சொல்றேன்.

உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். வேற பண்ணைக்கு போட்டுட்டு போன செருப்பு, துணி, கருவியோட போகாதீங்க, நோய் தொத்திடும், கருவியை துடைச்சு கிருமிநாசினி போட்டுத்தான் எடுத்துட்டு போகணும். ரெண்டாவது, அளக்கிறேன்னு வெயில் நேரத்துல, பேட்ச் (ஒண்ணா விட்டு வளக்கிற கோழிக் கூட்டம்) கடைசி வாரத்துல ஃபேனை நிறுத்திடாதீங்க, நிறைஞ்ச ஷெட்ல காத்து நின்னா கொஞ்ச நிமிஷத்துலயே கோழி சாக ஆரம்பிக்கும். ஃபேன் சோதனையை காலி ஷெட்லயோ இல்ல விடியக்காலைலயோ சூப்பர்வைசர் பக்கத்துல இருக்கும்போது வச்சுக்கோங்க. பெல்ட் ஓடுற ஃபேன் கிட்ட துண்டு, துப்பட்டா, தொங்குற ஒயர் எதுவும் கூடாது.

ஃபேன் பேப்பர்ல இருக்கிற நம்பரை நம்பாதீங்க

ஈசி ஷெட்ல சாதாரணமா இருக்கிறது 50 இன்ச் ஃபேன், 1.38 மீட்டருக்கு 1.38 மீட்டர் பெட்டி, கம்பெனி பேப்பர்ல மணிக்கு 44,000 கன மீட்டர் மாதிரி ஒரு நம்பர் போட்டிருக்கும். அது பெரும்பாலும் எதிர்ப்பு அழுத்தமே இல்லாதப்போ வர்ற நம்பர். ஷெட்ல கூலிங் பேட் வழியா காத்தை இழுக்கணும், அதனால உள்ள அழுத்தம் வெளிய இருக்கிறத விட 20, 25 பாஸ்கல் குறைவா இருக்கும் (0.1 இன்ச் தண்ணின்னு சொல்றது 25 பாஸ்கல்), அந்த அழுத்தத்துல ஃபேன் தள்ளுற காத்து குறையும். அது போக பெல்ட் தளர்ந்திருக்கும், ஷட்டர்ல இறகும் தூசியும் அப்பியிருக்கும், ஷட்டர் முழுசா திறக்காது, பிளேடு வளைஞ்சிருக்கும், ஜெனரேட்டர்ல ஓடும்போது ஃப்ரீக்வென்சி மாறி சுத்துற வேகமும் மாறும். ஒரே மாடல், ஒரே நாள் மாட்டுன ரெண்டு ஃபேன்கூட ஒரே அளவு காத்து தள்ளாது.

அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்தோட பெஸ் லேப் பல வருஷமா பண்ணை ஃபேன்களை வேற வேற அழுத்தத்துல சோதிச்சு வெளியிடுறாங்க, ஃபேன் வாங்கும்போது அந்த மாதிரி சோதனை ரிப்போர்ட் கேக்குறது நல்லது. ஆனா அதுவும் புது ஃபேனுக்குத்தான். ஓடிட்டிருக்கிற ஃபேனை இருக்கிற இடத்துலயே அளக்கணும், வேற குறுக்குவழி இல்ல.

இதுக்குன்னே ஒரு கருவி இருக்கு, பேரு ஃபேன்ஸ் யூனிட். 1990-கள்ல அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்குனது, அப்புறம் கென்டக்கி பல்கலைக்கழகத்துல மேம்படுத்துனாங்க. ஒரு சதுர சட்டம், அதுல ஒரு கம்பி, கம்பியில 5 புரொப்பெல்லர் அனிமோமீட்டர் (காத்து வேகத்தை அளக்குற கருவி), அந்தக் கம்பி மோட்டார்ல மேலயும் கீழயும் நகர்ந்து ஃபேன் வாய் முழுக்க வருடி சராசரி வேகத்தை எடுத்துடும், ஒரு ஓட்டத்துக்கு சில நிமிஷம்தான். 2005ல அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ கால்நடை பண்ணைக்காரங்களோட போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் பர்டியூ பல்கலைக்கழகம் தலைமைல 2007ல இருந்து 2010 வரைக்கும் கோழி, பன்னி, மாட்டுப் பண்ணைகள்ல பெரிய அளவுல வெளியேத்தம் அளந்தாங்க, அதுலயும் ஃபேன்களை இடத்துலயே சோதிக்க இந்தக் கருவியைத்தான் பயன்படுத்துனாங்க.

கையால ஃபேனை அளக்கிற முறை

ஃபேன்ஸ் யூனிட் கிடைக்கலன்னா கையில பிடிக்கிற வேன் அனிமோமீட்டர் வச்சே செய்யலாம், பொறுமை வேணும்.

ஃபேனோட உள்பக்கம், அதாவது காத்து உள்ள நுழையற பக்கத்துல அளங்க. வெளிப்பக்கம் காத்து சுழண்டுகிட்டு வரும், ஷட்டர் பலகை வேற குறுக்க இருக்கும், அங்க வர்ற நம்பருக்கு அர்த்தமே இல்ல. உள்பக்கத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு, ஃபேன் எல்லா திசைலயிருந்தும் காத்தை இழுக்குது, ஓரத்துல காத்து சாய்வா நுழையும், அனிமோமீட்டர் நேரா வர்ற காத்துக்குத்தான் சரியா காட்டும். அதனால ஃபேன் பெட்டி அளவுக்கே ஒட்டு பலகையில ரெண்டு பக்கமும் திறந்த ஒரு பெட்டி செஞ்சு, சுமார் 60 சென்டிமீட்டர் ஆழம், ஃபேன் முன்னாடி இடைவெளி இல்லாம ஒட்டி வைங்க, சந்துல ஃபோம் டேப் ஒட்டுங்க. இந்தப் பலகைப் பெட்டிக்கு ஆகுற செலவு கம்மி, ஆனா அளவீட்டோட தரமே மாறிடும்.

பெட்டி வாயில நைலான் நூல் கட்டி 5க்கு 5, மொத்தம் 25 கட்டமா பிரிங்க, ஒவ்வொரு கட்டமும் 27.6 சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டத்தோட நடுவுலயும் அனிமோமீட்டரை 20, 30 செகண்ட் வச்சு சராசரி எடுங்க. நீங்க ஃபேனுக்கு நேரா நிக்கக் கூடாது, உங்க உடம்பே காத்தை மறைக்கும், ஒரு நீளமான குச்சியில அனிமோமீட்டரை கட்டி பக்கவாட்டுல நின்னு நீட்டுங்க. நடு கட்டத்துல வேகம் கம்மியா வரும், மோட்டாரும் புல்லியும் இருக்கிற இடம் அது, அத பாத்து தப்புன்னு விட்டுடாதீங்க, அதையும் சேத்துத்தான் சராசரி. 25ம் முடிச்சதும் திரும்ப ஒரு தடவை எடுங்க. ரெண்டு சராசரிக்கும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா நடுவுல ஏதோ மாறியிருக்கு, வெளிய காத்து வீசியிருக்கும் இல்ல வேற ஃபேன் ஆன் ஆகியிருக்கும், மறுபடி எடுங்க.

சராசரி 5.2 மீட்டர்/செகண்ட்னு வந்துச்சுன்னு வைங்க. பரப்பு 1.38 × 1.38 = 1.904 சதுர மீட்டர். பெருக்கினா செகண்டுக்கு 9.90 கன மீட்டர், மணிக்கு சுமார் 35,600. சிஎஃப்எம்ல (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி) கேக்குறவங்களுக்கு 1.699ஆல வகுத்தா ஏறக்குறைய 20,950. பேப்பர்ல 44,000 போட்டிருந்துச்சு, நிஜத்துல 81 சதவீதம்தான். பேப்பர் நம்பரை அப்படியே போட்டிருந்தா வெளியேத்தக் கணக்கு 24 சதவீதம் கூடுதலா வந்திருக்கும், அமோனியா மீட்டர் எவ்ளோ விலை உயர்ந்ததா இருந்தாலும் அந்தத் தப்பை அது திருத்தாது.

ஒரு அழுத்தத்துல அளந்தா பத்தாது. எத்தனை ஃபேன் ஓடுது, பேட் எவ்ளோ அடைச்சிருக்குங்கிறத பொறுத்து அழுத்தம் மாறிட்டே இருக்கும். அதனால மத்த ஃபேன்களை கூட்டிக் குறைச்சோ, காத்து வர்ற திறப்பை கொஞ்சம் மூடியோ 10, 20, 30, 40 பாஸ்கல் மாதிரி நாலஞ்சு அழுத்தத்துல அதே ஃபேனை அளந்து, அழுத்தத்துக்கு எதிரா காத்தோட்டத்தை வரைபடம் போட்டு, எக்செல்ல ஒரு இருபடி வளைவு பொருத்திடுங்க. அந்த வளைவுதான் அந்த ஃபேனோட அடையாளம். 8 ஃபேன் இருந்தா 8 வளைவு, நேரம் இல்லன்னா குறைஞ்சது எல்லா ஃபேனையும் வேலை செய்ற அழுத்தத்துல ஒரு தடவையாவது அளங்க, ரெண்டு மூணு ஃபேனுக்கு முழு வளைவு எடுத்து அந்த வடிவத்தை மத்ததுக்கு பொருத்தலாம். இன்வெர்ட்டர் டிரைவ்ல வேகம் மாறுற ஃபேனா இருந்தா ஒவ்வொரு வேகத்துலயும் தனியா சோதிக்கணும், குறைஞ்ச வேகத்துல ஃபேன் அழுத்தத்தை தாங்காது, லேசா எதிர்க்காத்து அடிச்சாலே காத்தோட்டம் விழுந்துடும்.

எல்லாம் முடிச்சதும் ஒரு சரிபார்ப்பு. 8 ஃபேன் சேத்து மணிக்கு 2,84,800, செகண்டுக்கு 79 கன மீட்டர். ஷெட் 45 அடி அகலம், ஃபால்ஸ் சீலிங் வரைக்கும் 8 அடி உயரம்னா குறுக்குவெட்டு 33.4 சதுர மீட்டர். வகுத்தா செகண்டுக்கு சுமார் 2.4 மீட்டர் வேகம் வரணும். ஃபேன் பக்கத்துல இருந்து கொஞ்சம் தள்ளி, ஷெட்டோட கடைசிப் பகுதியில குறுக்க பல இடத்துல அனிமோமீட்டர் வச்சு பாருங்க, கிட்டத்தட்ட அதே வரணும். 1.6தான் வருதுன்னா ஃபேன் அளவீட்டுல தப்பு, இல்ல ஃபேன் பக்கத்துலயே கர்ட்டன் கிழிஞ்சு காத்து குறுக்குவழியா போகுது. நிறுத்தி வச்ச ஃபேனோட ஷட்டர் உடைஞ்சிருந்தாலும் இதே கதிதான், வெளிக்காத்து அது வழியா உள்ள வந்து பக்கத்து ஃபேன்லயே வெளிய போயிடும், கோழி கிட்ட போகவே போகாது, ஆனா உங்க கணக்குல காத்தோட்டமா நிக்கும்.

நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு

ஃபேன் வளைவு கையில இருந்தா அப்புறம் வேண்டியது ரெண்டே விஷயம்: எந்த ஃபேன் எப்போ ஓடுச்சு, அப்போ அழுத்தம் எவ்ளோ. ஒவ்வொரு ஃபேன் ஒயர்லயும் கரண்ட் சென்சார் மாட்டி லாகர்ல பதியலாம், எலக்ட்ரீசியனை வச்சு மாட்டுங்க. கன்ட்ரோலர்லயே பதிவு இருந்தா எடுத்துக்கலாம், ஆனா கன்ட்ரோலர் ஆன்னு சொன்னது எல்லாம் ஃபேன் ஓடுச்சுன்னு அர்த்தமில்ல, பெல்ட் அறுந்திருந்தாலும் கன்ட்ரோலர்ல ஆன்னுதான் இருக்கும். சந்தேகம் இருந்தா பிளேடு சுத்துற வேகத்தை பதியற சென்சார் இன்னும் நல்லது.

அழுத்த வித்தியாசத்துக்கு ஒரு டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார், ஒரு குழாய் ஷெட்டுக்குள்ள ஃபேன் இருக்கிற பக்கம் ஆனா நேரா காத்தடிக்காத இடத்துல, இன்னொன்னு வெளிய காத்து வீச்சு படாம சின்ன துளை போட்ட டப்பாவுக்குள்ள. வாரம் ஒரு தடவை ரெண்டு குழாயையும் சேத்துப் பிடிச்சு பூஜ்யம் காட்டுதான்னு பாருங்க.

செறிவு அளக்கிறது

இத சுருக்கமா சொல்லிடறேன், இதப் பத்தி எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஓடுற ஃபேன் முன்னாடி வச்சு அளக்கணும், ஷெட் நடுவுல இல்ல. விலை குறைஞ்ச எலக்ட்ரோகெமிக்கல் சென்சாரை அமோனியாவுல விடாம வச்சா சோர்ந்து போய் தப்பா காட்டும், அதனால கொஞ்ச நிமிஷம் ஷெட் காத்து, அப்புறம் கொஞ்ச நிமிஷம் வெளிக்காத்துன்னு பம்ப் வச்சு மாத்தி மாத்தி குடுக்கணும். குழாய் டெஃப்லான்ல இருக்கட்டும், சாதா பிளாஸ்டிக் குழாயில அமோனியா ஒட்டிக்கும், குழாய்க்குள்ள தண்ணி வேர்த்தா அதுல கரைஞ்சு காணாம போயிடும். அளவு தெரிஞ்ச சிலிண்டர் வாயு வச்சு முன்னாடியும் பின்னாடியும் கேலிபரேட் பண்ணி, ரெண்டு நம்பரையும் எழுதி வைங்க.

பெருக்கும்போது பண்ணக்கூடாத ஒன்னு

அன்னைக்கு சராசரி காத்தோட்டம், அன்னைக்கு சராசரி செறிவு, ரெண்டையும் பெருக்கி விடை எழுதறது. பாக்க நியாயமா தெரியும், ஆனா பெரிய தப்பு. காத்து கூடும்போது செறிவு குறையும், காத்து குறையும்போது செறிவு கூடும், ரெண்டும் எதிரெதிரா போறதால சராசரியை பெருக்கினா விடை எப்பவும் கூடுதலாத்தான் வரும். மேல சொன்ன வெயில் மணியையும் ராத்திரி மணியையும் எடுங்க. தனித்தனியா பெருக்கி சராசரி எடுத்தா மணிக்கு சுமார் 480 கிராம். சராசரி காத்தோட்டம் 1,49,520, சராசரி செறிவு ஒரு கன மீட்டருக்கு 9.73 மில்லிகிராம், ரெண்டையும் பெருக்குங்க, 1,455 கிராம் வருது. மூணு மடங்கு! ஒரு பண்ணைக்காரர் மேல இப்படி ஒரு நம்பரை தூக்கி வைக்கிறது அநியாயம். அதனால ஒவ்வொரு நிமிஷமும், முடியலன்னா ஒவ்வொரு 15 நிமிஷமாவது, அந்தந்த நேரத்து காத்தையும் செறிவையும் பெருக்கி, அப்புறம் கூட்டுங்க.

திறந்த ஷெட்டுக்கு கார்பன் டை ஆக்சைடு கணக்கு

ஃபேன் இல்லாத ஷெட்ல கோழி விடுற மூச்சையே அளவுகோலா எடுத்துக்கலாம். எத்தனை கோழி, என்ன எடைன்னு தெரிஞ்சா எவ்ளோ உடல் வெப்பம் வெளிய வரும்னு தெரியும், அதுல இருந்து எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு வரும்னு தெரியும், ஷெட்டுக்குள்ளயும் வெளியிலயும் அதோட செறிவு வித்தியாசத்தை அளந்தா எவ்ளோ காத்து கலந்திருக்குன்னு பின்னாடி போய் கண்டுபிடிக்கலாம். சிஐஜிஆர்ங்கிற சர்வதேச வேளாண் பொறியியல் அமைப்பு 1984லயும் அப்புறம் 2002லயும் இதுக்கு சமன்பாடுகள் குடுத்திருக்காங்க.

லேயர் கோழிக்கு வெப்பம் (வாட்ல) = 6.28 × எடையோட 0.75 அடுக்கு + 25 × ஒரு நாள் முட்டை எடை கிலோல. 1.6 கிலோ கோழி, 0.05 கிலோ முட்டைன்னா 10.18 வாட். 10,000 கோழிக்கு 1,01,800 வாட். 1,000 வாட்டை ஒரு வெப்ப அலகுன்னு சொல்வாங்க, அப்போ 101.8 அலகு. இது 20 டிகிரிக்கான கணக்கு, வெப்பம் கூடக் கூட கோழி வெப்பத்தை குறைச்சுக்கும், ஒரு டிகிரிக்கு 2 சதவீதம், அதனால 30 டிகிரில 0.8ஆல பெருக்கணும், 81.4 அலகு. ஒரு அலகுக்கு மணிக்கு 0.185 கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடுன்னு எடுத்தா 15.07 கன மீட்டர். உள்ள 600 பிபிஎம், வெளிய 420, வித்தியாசம் 180. 15.07ஐ 0.00018ஆல வகுத்தா மணிக்கு சுமார் 83,700 கன மீட்டர்.

இப்போ இதோட பலவீனத்தையும் பாத்துடுங்க. வித்தியாசத்துல 30 பிபிஎம் முன்னப்பின்ன ஆனாலே விடை 71,800ல இருந்து 1,00,500 வரைக்கும் ஆடும். நல்லா காத்தடிக்கிற நாள்ல வித்தியாசம் 50, 60 பிபிஎம்தான் இருக்கும், அன்னைக்கு இந்த முறையை தொடவே தொடாதீங்க. உள்ளயும் வெளியிலயும் அளக்குற ரெண்டு சென்சாரையும் முன்னாடியே ஒரே இடத்துல பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு நாள் ஓட்டி வித்தியாசத்தை திருத்திக்கோங்க, இல்ல ஒரே சென்சாருக்கு பம்ப் வச்சு மாத்தி மாத்தி காத்தை குடுங்க. கோழி பகல்ல நடமாடும், ராத்திரி தூங்கும், அதனால மணிக்கணக்குல பாக்காம 24 மணி நேர கணக்கா பாக்குறது பாதுகாப்பு.

நம்ம ஊருக்குன்னு இன்னும் மூணு விஷயம். அந்த 0.185ல புது எச்சத்துல இருந்து வர்ற கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடுதான் சேந்திருக்கு, நாமக்கல் மாதிரி கூண்டுக்கு கீழ மாசக்கணக்குல எச்சம் குவிஞ்சு மக்கிட்டிருந்தா அதுல இருந்தே நிறைய வரும், காத்தோட்டம் நிஜத்தை விட குறைவா தெரியும். புரூடிங் (குஞ்சுகளுக்கு சூடு குடுக்கிற) சமயத்துல கேஸ், கரி, விறகு எரிச்சா அதுவும் கார்பன் டை ஆக்சைடுதான், எரிச்ச அளவை கணக்குல கூட்டணும், முடியலன்னா அந்த நாட்களை விட்டுடுங்க. அப்புறம் இந்த சமன்பாடுங்க பெரும்பாலும் குளிர் நாட்டு அளவீட்டுல இருந்து வந்தது, 35, 38 டிகிரில கோழி வாயை திறந்து மூச்சு வாங்கும்போது அந்த நேர்கோட்டுத் திருத்தத்தை நீட்டிட்டே போறது சரியில்ல. நம்ம வெயிலுக்கு, நம்ம ஷெட்டுக்கு யாராவது இத அளந்து சரிபண்ணணும், எம்விஎஸ்சி, பிஎச்டி தலைப்பு தேடுற பசங்களுக்கு இத விட பயனுள்ள வேலை எனக்கு தோணல.

ஐரோப்பாவுல மாட்டுக் கொட்டகை மாதிரி திறந்த கட்டடத்துக்கு சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடுங்கிற வாயுவை ஒரே அளவா சொட்டு சொட்டா விட்டு, அது எவ்ளோ நீர்த்துப் போச்சுன்னு பாத்து காத்தோட்டத்தை எடுக்கிறாங்க. முறை நல்ல முறை, மக்குற எச்சம் இதுல குழப்பாது. ஆனா அந்த வாயு கார்பன் டை ஆக்சைடை விட 23,000 மடங்குக்கு மேல பூமியை சூடாக்கும், அளக்குற கருவியும் விலை அதிகம், அதனால சாதாரண பண்ணை வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

எத்தனை நாள் அளக்கணும்

பண்ணைத் தொழில்நுட்பங்களோட சுற்றுச்சூழல் பலனை சோதிக்க ஐரோப்பாவுல இருக்கிற வேரா நெறிமுறை வருஷத்துல 6 அளவீட்டுக் காலம், வேற வேற பருவத்துல, ஒவ்வொன்னும் முழு 24 மணி நேரம்னு கேக்குது. பிராய்லருக்கு பேட்ச் முதல் வாரத்துல வெளியேத்தம் கொஞ்சம்தான், கடைசி வாரத்துல பல மடங்கு, அதனால 35வது நாள் மட்டும் அளந்து 40 நாளால பெருக்கினா கதை கந்தல். ஆரம்பம், நடு, கடைசின்னு பிரிச்சு அளங்க, வெயில், மழை, மார்கழிக் குளிர் மூணும் வரணும். கோழி எண்ணிக்கை, வயசு, எடை, செத்தது, தீவனத்துல புரதம், கூளம் புதுசா பழசா, எவ்ளோ ஈரம்னு எல்லாத்தையும் அன்னன்னைக்கே எழுதுங்க.

நைட்ரஜனை வச்சு கடைசி சோதனை

ஒரு பிராய்லர் 20 சதவீதம் புரதம் இருக்கிற தீவனம் 3.5 கிலோ சாப்பிட்டா உள்ள போன நைட்ரஜன் 112 கிராம் (புரதத்தை 6.25ஆல வகுக்கணும்). 2.2 கிலோ கோழி உடம்புல ஏறக்குறைய 2.9 சதவீதம் நைட்ரஜன், அதாவது 64 கிராம். மீதி 48 கிராம் எச்சத்துல. அது மொத்தமும் அமோனியாவா பறந்தாலும் ஒரு கோழிக்கு 58 கிராம்தான், நிஜத்துல பாதிக்கு மேல கூளத்துலயே நின்னாலும் ஆச்சரியமில்ல. உங்க கணக்கு ஒரு கோழிக்கு ஒரு பேட்ச்ல 70 கிராம்னு சொன்னா எங்கயோ தப்பு நடந்திருக்கு, முதல்ல ஃபேன் நம்பரை பாருங்க, அப்புறம் சராசரியை பெருக்கினீங்களான்னு பாருங்க. பேட்ச் முடிஞ்சதும் கூளத்தை பல இடத்துல எடுத்து கலந்து லேப்ல நைட்ரஜன் பாத்தா இந்த சோதனை இன்னும் இறுகும், செலவும் பெருசா இல்ல.

ரிப்போர்ட் எழுதும்போது ஒத்தை நம்பரா எழுதாதீங்க. காத்தோட்டத்துல 10 சதவீதம், செறிவுல 7 சதவீதம் பிழை இருக்கலாம்னா ரெண்டையும் வர்க்கம் எடுத்து கூட்டி வர்க்கமூலம் எடுங்க, சுமார் 12 சதவீதம், அத பக்கத்துலயே போடுங்க. ஒரு நாளைக்கு ஒரு கோழிக்கு எத்தனை கிராம்னும் போடுங்க, 500 கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிராம்னும் போடுங்க, அப்போதான் வேற பண்ணையோட ஒப்பிட முடியும். கூடவே எந்த ஃபேனை எந்தத் தேதியில எந்த அழுத்தத்துல அளந்தீங்க, ஷட்டரை சுத்தம் பண்றதுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறதையும் எழுதிடுங்க, அடுத்த பேட்ச்ல பெல்ட் மாத்துனாலோ பேட் மாத்துனாலோ அந்த வளைவு செல்லாது, திரும்ப அளக்கணும்.